தாத்தா துப்பாக்கிக்கு தோட்டா ரெடியா?

வீட்டு ஷெட்ல தூசி படிஞ்சு கிடக்கிற தாத்தா காலத்து ராஜ்தூத்தை எடுத்து ஓட்டணும்னு உங்களுக்கு ஆசை. பெட்ரோல் இருக்கு, ரோடு இருக்கு, கெத்தா சுத்த நீங்களும் ரெடி. ஆனா ஒரே ஒரு சின்ன பார்ட் மார்க்கெட்ல இல்லை! கடை கடையா அலைஞ்சு, கடைசியில லேத் பட்டறை அண்ணன்கிட்ட சொல்லி அந்த ஒரு பார்ட்டை மட்டும் கடைஞ்சு வாங்கறீங்க. இந்த அவஸ்தை உங்களுக்குத் தெரியும்தானே?

அமெரிக்காவில் இதே அவஸ்தையை வேற ஒரு பொருளை வெச்சுக்கிட்டு நிறைய பேர் அனுபவிக்கிறாங்க. அது, தாத்தா விட்டுட்டுப் போன வேட்டைத் துப்பாக்கி! இலையுதிர் காலம் வந்தா அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டை சீஸன். லைசென்ஸ் ரெடி, துப்பாக்கியும் எண்ணெய் போட்டுத் துடைச்சு பளபளன்னு இருக்கும். ஆனா அதுக்கான தோட்டா கடையில இருக்காது. கம்பெனி அந்த சைஸை எப்பவோ நிறுத்தியிருக்கும், இல்லைன்னா அபூர்வமா கொஞ்சம் தயாரிக்கும். என்ன பண்றது? தாங்களே உட்கார்ந்து ஒவ்வொண்ணா தயாரிச்சுக்கிறாங்க. இதுக்குப் பேர்தான் 'ஹேண்ட்லோடிங்'.

'வீட்ல வெடிமருந்தா?'ன்னு பதறாதீங்க. அங்கே அது சட்டம் அனுமதிக்கிற ஹாபி. நம்ம ஊர்ல கதையே வேற. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா கம்பிதான் எண்ணணும். 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கே தடை போட்டிருக்கு. அதனால இது செய்முறை விளக்கம் இல்லை பாஸ். இதுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கூடவே ஒரு நல்ல பாடம்... அதுதான் மேட்டர்!

ஜமைக்காவில் பிறந்தவர் செய்த துப்பாக்கி

உதாரணத்துக்கு ஒரு துப்பாக்கியை எடுத்துக்குவோம். ஆர்தர் சாவேஜ், 1857-ல் ஜமைக்காவில் பிறந்தவர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரத்தில் அவர் கம்பெனி ஆரம்பிச்சுத் தயாரிச்ச 1899 மாடல்தான், பின்னால 'சாவேஜ் 99'னு பிரபலமாச்சு.

அதுல என்ன ஸ்பெஷல்? அந்தக் காலத்து லீவர் துப்பாக்கிகள் பலவற்றில், குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதுல ரயில் பெட்டி மாதிரி வரிசையா நிற்கும். பின்னால இருக்கிற தோட்டாவின் மூக்கு, முன்னால இருக்கிற தோட்டாவின் முதுகைத் தொட்டுக்கிட்டே இருக்கும். மூக்கு கூர்மையா இருந்தா? சுடும்போது ஏற்படுற அதிர்ச்சியில் அது முன்னால இருக்கிறதைக் குத்தி, உள்ளேயே வெடிக்க வெச்சுடலாம். அதனால மொட்டை மூக்கு தோட்டாதான் போட முடியும். சாவேஜ் என்ன பண்ணார்னா, சுழல்ற ஒரு உருளையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி இடம் கொடுத்தார். யாரும் யாரையும் குத்தலை. கூர் மூக்கு ஓகே!

1915-ல் இந்தத் துப்பாக்கிக்கு '.250-3000'னு ஒரு தோட்டா வந்தது. அந்த 3000 என்னன்னு கேட்கறீங்களா? விநாடிக்கு 3000 அடி. அதாவது கிட்டத்தட்ட 914 மீட்டர். வேகத்தையே பேரா வெச்சு விளம்பரம் பண்ணிட்டாங்க. அந்த வேகத்துக்காகக் குண்டின் எடையை 87 கிரெயின்னு இலேசா வெச்சாங்க. 7000 கிரெயின் சேர்ந்தா ஒரு பவுண்டு. அப்படின்னா 87 கிரெயின் ஆறு கிராம்கூட வராது! இந்த 87-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வேலை இருக்கு.

ஒரு தோட்டா, நாலு பார்ட்

நம்ம சினிமாவில 'புல்லட்'னு மொத்தத்தையும் சொல்லிடுவாங்க. உண்மையில் புல்லட்ங்கிறது முன்னால இருக்கிற குண்டு மட்டும்தான். அதைத் தாங்குற பித்தளைக் கூடு ஒண்ணு, கூட்டுக்குள்ளே மருந்து, அடியில் தட்டினதும் பொறி பறக்கிற ப்ரைமர்... ஆக மொத்தம் நாலு. சுட்டு முடிச்சதும் குண்டு போச்சு, மருந்து போச்சு, ப்ரைமர் செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிறது பித்தளைக் கூடுதான். விலை அதிகமான பார்ட்டும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கி எறிய மனசு வருமா?

சுடும்போது அந்தப் பித்தளை வாயு அழுத்தத்தில் உப்பி, துப்பாக்கியின் உள்சுவரோட ஒட்டிக்கும். வாயு பின்னால கசியாம தடுக்கிறது அதுதான். அப்புறம் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். அந்தக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீளம் கூடியிருந்தா வெட்டிச் சரிபண்ணி மறுபடியும் பயன்படுத்தறாங்க.

மெக்கானிக்கல் பசங்களே, இங்கே உங்க பாடம் வருது! உலோகத்தைத் திரும்பத் திரும்ப வளைச்சா அது விறைச்சுப்போய்க் கடைசியில விரிசல் விடும். கட்டுக்கம்பியை வளைச்சு வளைச்சு உடைப்போமே, அதே கதைதான். கூட்டின் கழுத்தைப் பக்குவமா சூடு காட்டினா பித்தளை மறுபடி இளகும். ஆனா அடிப்பக்கத்துக்கு அந்தச் சூடு போகவே கூடாது. அங்கே உறுதிதான் உயிர்.

சாவேஜ் 99-ல் இன்னொரு சிக்கல். அதன் பூட்டு பின்பக்கமா இருக்கிறதால, சுடும்போது இரும்பு உடம்பே ஒரு துளி நீளும். கூடவே பித்தளையும் நீளும். நாலைந்து தடவை ஆனதும் கூட்டின் அடிப்பக்கம் உள்ளுக்குள்ளே மெலிஞ்சு, ஒருநாள் ரெண்டா பிரிஞ்சுடலாம். விஷயம் தெரிஞ்சவங்க ஒவ்வொரு கூட்டையும் உள்ளே தடவிப் பார்த்து, பள்ளம் தட்டுப்பட்டா குப்பையில போட்டுடுவாங்க. கஞ்சத்தனம் பார்த்தா முகத்துக்கு ஆபத்து!

ஒரு துளி கூடினா என்ன?

'மருந்து கொஞ்சம் கூடப் போட்டா வேகமா போகும்தானே?' இந்தக் கேள்விதான் இந்த ஹாபியின் வில்லன்.

1884-ல் பிரான்ஸ் நாட்டு பால் வியேய் கண்டுபிடிச்ச புகையில்லா மருந்து, கரிமருந்து மாதிரி இல்லை. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமா எரியும். வேகமா எரிஞ்சா அழுத்தம் இன்னும் ஏறும். மருந்தைப் பத்து சதவீதம் கூட்டினா அழுத்தமும் பத்து சதவீதம்தான் கூடும்னு நினைச்சா, நீங்க காலி. நேர்கோட்டு கிராஃப் இங்கே செல்லாது!

அதனால அங்கே மருந்து அளவுகளை அச்சிட்ட புத்தகங்கள் இருக்கு. எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து, ஆரம்ப அளவு என்ன, எல்லை அளவு என்னன்னு ஆய்வுக்கூடத்தில் அளந்து போட்டிருப்பாங்க. ஆரம்ப அளவுல தொடங்கி, துளித்துளியா ஏறணும். ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். எல்லாத்தையும் நோட்டுல எழுதணும். கண்ணாடி போட்டுக்கிட்டு, டி.வி.யை அணைச்சுட்டு, ஒரே ஒரு மருந்து டப்பாவை மட்டும் மேஜையில வெச்சுக்கணும். ரெண்டு டப்பா இருந்தா கை மாறிடும். நண்பன் தன் துப்பாக்கிக்குப் போட்ட அளவு உங்க துப்பாக்கிக்குச் சரிவராது. அதிலும் நூறு வயசுத் துப்பாக்கின்னா, முதல்ல ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிட்ட காட்டணும்.

கான்டோர் கேட்ட கேள்வி

இப்போ அந்த 87-க்கு வருவோம். கலிஃபோர்னியா கான்டோர்னு ஒரு பிரம்மாண்டமான பிணந்தின்னிப் பறவை. 1982-ல் உலகத்திலேயே மிஞ்சினது வெறும் 22. வேட்டைக்காரங்க விட்டுட்டுப்போன குடலையும் இறைச்சியையும் தின்னும்போது, அதுல சிதறிக்கிடக்கிற ஈயத் துணுக்குகளும் உள்ளே போயிடும். ஈய விஷம்தான் அந்தப் பறவைகளுக்குப் பெரிய எமன். அதனால கலிஃபோர்னியா 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை பண்ணிடுச்சு.

சரி, மாற்று? செம்பு! புதுத் துப்பாக்கிக்காரங்க கடையில் வாங்கிக்கலாம். பழைய துப்பாக்கிக்காரங்க? மறுபடியும் ஹேண்ட்லோடிங் மேஜைதான்.

'அதே 87 கிரெயின்ல செம்புக் குண்டு போட்டா முடிஞ்சது'ன்னு தோணுதா? அங்கேதான் பிசிக்ஸ் குறுக்கே வந்து நிற்குது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9. அதே எடை, அதே தடிமன்னா செம்புக் குண்டு நீளமாயிடும். நீளமான குண்டு நேராப் பறக்கணும்னா இன்னும் வேகமா சுழலணும். 1879-லேயே கிரீன்ஹில்ங்கிற பிரிட்டிஷ் கணித மேதை இதுக்கு ஃபார்முலா எழுதிட்டார். ஆனா பழைய .250 சாவேஜ் குழல்களில் வெட்டியிருக்கிற சுருள் வரி, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அந்த நிதானமான சுழற்சி, குட்டையான 87 கிரெயின் ஈயக் குண்டுக்காகப் போட்ட கணக்கு. அதுக்கு ஒத்துக்காத நீளக் குண்டைத் திணிச்சா, பம்பரம் சாயற மாதிரி தள்ளாடும். காகித இலக்குல வட்ட ஓட்டைக்குப் பதிலா, குண்டு பக்கவாட்டில் பாய்ஞ்ச நீள ஓட்டை விழும். மான்மேல பட்டா? உடனே சாகாம, காயத்தோட காட்டுக்குள்ளே ஓடும். நேர்மையான எந்த வேட்டைக்காரரும் அதைச் சகிக்கமாட்டார்.

தீர்வு, இன்னும் இலேசான, குட்டையான செம்புக் குண்டு. அதுக்குப் புத்தகத்தில் தனி அளவு தேடணும், மறுபடி அடியிலிருந்து தொடங்கணும், காகிதத்தில் சுட்டுப் பார்க்கணும். பறவையைக் காப்பாத்தணும், மானை வதைக்கக் கூடாது, தாத்தா துப்பாக்கியும் உடையக் கூடாது, தன் கண்ணும் கையும் பத்திரமா இருக்கணும். நாலையும் சேர்த்துத் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

பாடம் இதுதான்

நம்ம லேப்ல ரீடிங் வரலைன்னா என்ன பண்றோம்? பக்கத்து டேபிள் நோட்டைப் பார்த்து 'ஏறக்குறைய' ஒண்ணு போட்டுடறோம். மார்க் வந்துடும், யாருக்கும் காயம் இல்லை. ஆனா அந்த 'ஏறக்குறைய' ஒருநாள் நீங்க கட்டப்போற பாலத்திலயோ, எழுதப்போற மருந்துச் சீட்டுலயோ வந்து உட்கார்ந்துக்கும். அங்கே பக்கத்து டேபிள் இருக்காது பாஸ்!

பழைய பொருள்மேல பாசம் இருந்தா மட்டும் போதாது. அதனால எது முடியும், எது முடியாதுன்னு தெரிஞ்சுக்கிற பொறுமையும் வேணும். நல்ல ஹேண்ட்லோடர்கள் எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்து, சில நேரம் கடைசியில ஒரு முடிவுக்கு வருவாங்க. 'இந்தத் துப்பாக்கி இனிமே சுட வேண்டாம், சுவத்துல தொங்கட்டும்.'

அதுவும் சரியான விடைதான்!