நோயின் பெயரும் பாலிசியின் பொருளும்

மருத்துவர் சொல்லும் நோயின் பெயரும் காப்பீட்டுப் பாலிசியில் அச்சிடப்பட்டிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கலாம். இழப்பீட்டை முடிவு செய்வது அப்பெயருக்குப் பாலிசி தரும் வரையறையே. மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் பாலிசி ஒரு வகை. குறிப்பிட்ட நோய் உறுதியானால் மொத்தத் தொகை வழங்கும் தீவிர நோய்ப் பாலிசி மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கான வரையறைகளை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் தரப்படுத்தியுள்ளது. அவற்றுள் சிலவற்றை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம்.

மாரடைப்பு: போதிய இரத்தம் கிடைக்காமல் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துபோதல். மார்புவலி முதலிய அறிகுறிகள், இ.சி.ஜி.யில் புதிய மாற்றங்கள், இரத்தத்தில் ட்ரோபோனின் போன்றவற்றின் உயர்வு ஆகியன இதற்குச் சான்று. தசை இறவாமல் வலி மட்டும் தோன்றும் நிலை ‘ஆஞ்சைனா’ எனப்படும். அது இவ்வரையறைக்குள் வராது.

பக்கவாதம்: மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ இரத்தக் கசிவாலோ ஏற்படும் நிரந்தரப் பாதிப்பு. அப்பாதிப்பு குறைந்தது 3 மாதங்கள் நீடித்ததற்குச் சான்று வேண்டும். சிறிது நேரம் வாய் குழறி, பின் முற்றிலும் சீராகும் தற்காலிகத் தாக்குதல் இதில் அடங்காது.

புற்றுநோய்: கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்கள் அருகிலுள்ள திசுக்களை ஊடுருவி அழித்தல். தோன்றிய இடத்திலேயே, ஊடுருவாமல் நிற்கும் தொடக்கநிலை பொதுவாக விலக்கப்படும்.

முன்பே உள்ள நோய்: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்ட, அல்லது அவரது ஆலோசனையோ சிகிச்சையோ பெறப்பட்ட நோய். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோயும் இதில் சேரும். அதை விண்ணப்பத்தில் தெரிவித்தால், மருத்துவமனைச் செலவுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்களே. மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் கோரிக்கையே நிராகரிக்கப்படக்கூடும்.

ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிநபர் பாலிசியின் ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்கள் பரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் ‘வரையறைகள்’, ‘விலக்குகள்’ என்னும் இரு பகுதிகளையும் நிதானமாகப் படியுங்கள். புரியாத சொல்லைக் குறித்துக்கொண்டு கிளையில் கேளுங்கள். பாலிசி ஏற்புடையதன்று எனத் தோன்றினால், உரிய கழிவுகள் போகப் பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம்.