வீட்டுக்கு ஒரு வீடியோ காமிரா

வீட்டு விசேஷங்களைப் படம் பிடித்து வைக்க வேண்டுமென்ற ஆவலோடு கடைக்குள் நுழையும் குடும்பஸ்தரை முதலில் எதிர்கொள்பவை எண்களே. 30 மடங்கு ஜூம், 350 மடங்கு டிஜிட்டல் ஜூம், 92 லட்சம் புள்ளிகள் என்று பெட்டியின் நாற்புறமும் அச்சிட்டிருக்கும். உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நம்மிடம் பெற்றோர் சிலர் இவ்வெண்களின் தாத்பரியத்தைக் கேட்பதுண்டு. அதிக விலையுமின்றி, விளையாட்டுச் சாமானாகவும் இராமல், நடுத்தர விலையில் கிடைக்கும் காமிராவின் தகுதியை எவ்வாறு அறிவது என்பதே அவர்கள் கேள்வி. பெட்டியை வாசித்து அறிய முடியாது. இரவு எட்டு மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் அது எதைக் காண்கிறது, எதைக் கேட்கிறது என்று பார்த்தால் அறியலாம் என்பதே நமது விடை.

"செல்போன் இருக்க இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மேடையின் கோடியில் நிற்கும் குழந்தையின் முகத்தைக் கடைசி வரிசையிலிருந்து பிடிப்பதற்கும், முக்காலியில் நிறுத்தி ஒரு மணி நேரம் இடைவிடாமல் பதிவதற்கும் தனிக் காமிராவே சிலாக்கியம். மேலும், மாலை மாற்றும் தருணத்தில் கடன் வேண்டுமா என்று கேட்டு அதற்கு எவரும் அழைப்பு விடுக்க மாட்டார்கள்.

முதலில் புள்ளிக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். முழு எச்.டி. படம் என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆகச் சுமார் 20 லட்சம் புள்ளிகள் கொண்டது. 4கே என்பது அதைப்போல் நான்கு மடங்கு. 2015-ல் ஸோனி கம்பெனி வெளியிட்ட எச்.டி.ஆர். – ஸி.எக்ஸ் 405 என்னும் சிறு காமிராவுக்கு 92 லட்சம் புள்ளிகள் என்று சொல்லப்பட்டது. அதன் ஸென்ஸாரில் உள்ளவையோ சுமார் 25 லட்சமே. எஞ்சியவை அசையாப் புகைப்படம் எடுக்கும்போது கருவி கணக்கிட்டு இட்டு நிரப்புபவை. பொய் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓடும் படத்துக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. டிஜிட்டல் ஜூமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவதே உண்மையான ஜூம். மற்றது, உள்ள படத்தின் ஒரு மூலையை வெட்டி இழுத்துக் காட்டுவது.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு. அது ஸென்ஸாரின் அளவு. மேற்சொன்ன காமிராவின் ஸென்ஸார் 1/5.8 அங்குல வகை. மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதே கம்பெனி 2016-ல் வெளியிட்ட எஃப்.டி.ஆர். – ஏ.எக்ஸ் 53 என்பதிலோ 1/2.5 அங்குல வகை, அதாவது 7 மில்லிமீட்டர் அளவு. பரப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் வைத்த கிண்ணத்தையும் அண்டாவையும் நினைத்துக் கொள்ளலாம். கொட்டும் மழையில் இரண்டும் நிரம்பிவிடும். தூறலில்தான் பேதம் தெரியும். கடைக்காரர் நம்மைத் தம் வாசலுக்கு அழைத்துப்போய், நண்பகல் வெயிலில் தெருவைப் படம் பிடித்துக் காட்டுகிறார். அந்த வெயிலில் எந்தக் காமிராவும் நன்றாகத்தான் காட்டும். நம் குடும்ப வைபவங்களோ விடியுமுன் முகூர்த்தத்திலும், கொலுப்படியின் முன் சிறு விளக்கொளியிலும், பூஜை அறையின் குத்துவிளக்கடியிலும் நடப்பவை.

வெளிச்சம் போதாதபோது காமிரா என்ன செய்கிறது? கிடைத்த சிறு ஒளியை மின்சார பலத்தால் பெருக்குகிறது. அப்போது படமெங்கும் ரவை தூவினாற்போல் பொறிகள் தோன்றும். அவற்றைத் துடைக்கக் கருவி முயலும்போது பாட்டியின் முகச் சுருக்கங்களும் சேர்ந்து துடைபட்டு, முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும். ஜூம் செய்தால் இன்னும் மோசம். பல காமிராக்களில் அகல நிலையில் எஃப் 1.8 ஆக இருக்கும் லென்ஸ் துவாரம், முழு ஜூமில் எஃப் 4 ஆகச் சுருங்கும். உள்ளே வரும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே இருளில் ஜூமைத் தொடாமல், இரண்டடி முன்னே நடந்து செல்வதே உத்தமம்.

அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ அன்புடன் வாங்கி வரும் காமிராவில் தனியொரு சங்கடம் உண்டு. இந்நாட்டு மின்சாரம் ஸெகண்டுக்கு 50 சுழற்சி உடையது, அங்கே 60. சோக்கு வைத்த பழைய டியூப் லைட் இங்கே ஸெகண்டுக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நம் கண் அதை அறியாது. அந்நாட்டுக் கணக்குப்படி ஸெகண்டுக்கு 60 முறை பார்க்கும் காமிரா அறிந்துகொள்ளும். சுவரெல்லாம் துடிப்பதுபோல் படம் வரும். ஷட்டரை 1/100 ஸெகண்டில் நிறுத்தினால் துடிப்பு அடங்கும். ஆனால் ஷட்டரைக் கையால் திருத்த எல்லாக் காமிராக்களும் இடங்கொடுப்பதில்லை. வாங்கும் முன் இதைக் கேட்டறிவது அவசியம்.

நிற்க. படத்தைப் பற்றி இவ்வளவு பேசும் உலகம் ஒலியைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது நமக்கு விளங்காத விஷயம். நம் நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் சதாபிஷேகத்தை முழுவதும் பதிந்து வைத்திருந்தார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, தாம் சிறு வயதில் ஊர் விட்டு வந்த கதையைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் பகுதி அதில் பத்து நிமிஷம் உண்டு. மறு வருஷம் அவர் காலமானார். பின்னர் குடும்பத்தார் கூடி அதைப் போட்டுப் பார்த்தபோது, முகம் துலக்கமாக இருந்தது, உதடுகள் அசைந்தன, கேட்டதெல்லாம் மின்விசிறியின் இரைச்சலும் அடுத்த கூடத்துத் தவிலுந்தான். அவர் எந்த ஊரிலிருந்து யாருடன் புறப்பட்டு வந்தார் என்பதை அந்தக் குழந்தைகள் இனி யாரிடமும் கேட்க முடியாது.

இது காமிராவின் பழுதன்று; அதன் இயல்பு. உள்ளே இருக்கும் மைக் தனக்கு அருகிலுள்ள ஓசையையே அதிகம் வாங்கும். ஒலியின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. தவில் முழங்கியதும் அது அனைத்தையும் தாழ்த்திவிடும். மௌனம் வந்ததும் விசிறியின் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். பரிகாரம் எளிது. வெளி மைக் செருகத் துவாரம் உள்ள காமிராவை வாங்கி, சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே விலையில் இரண்டு இருந்தால், 4கே உள்ளதை விட்டு மைக் துவாரம் உள்ளதை எடுக்கும்படியே நாம் சொல்வோம். காதில் வைத்துக் கேட்கும் துவாரமும் இருந்தால் மிக நன்று.

கை நடுக்கத்தை அடக்கும் வசதி இப்போது சாமானியமாக எல்லாவற்றிலும் உண்டு; லென்ஸே அசைந்து ஈடுசெய்யும் வகை மேலானது. உடன் வரும் பாட்டரி பெரும்பாலும் சிறியது. இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

கடையில் சோதிக்க நம் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோவது நல்லது. கடையின் உள்ளறையில் விளக்கு மங்கிய மூலையில் ஒருவரைப் பேசச் சொல்லி ஒரு நிமிஷம், ஜன்னலிலிருந்து இருட்டு மூலைக்கு மெதுவாகத் திருப்பி ஒரு நிமிஷம், முழு ஜூமில் கையில் பிடித்து அரை நிமிஷம் பதிந்தால் போதும். காமிராவின் சிறு திரையில் பார்த்து மயங்காமல், வீட்டுக்கு வந்து டெலிவிஷனில் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதியாத கடையில் வாங்காதிருப்பதே நலம்.

வாங்கிய பின் ஒரு வேலை உண்டு. மெமரி கார்டு என்பது பத்திரப் பெட்டியன்று. ஸெகண்டுக்கு 60 மெகாபிட் வீதம் பதியும் 4கே படம் ஒரு மணிக்கு 27 ஜிகாபைட் இடம் கொள்ளும். அதை அன்றே இரண்டு தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கலாம். பரணில் பழைய காஸெட்டுகள் இருப்பவர்களுக்கு அவசரம் அதிகம். ஸோனி கம்பெனி பீட்டாமாக்ஸ் காஸெட்டுகளையும், ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி வி.ஸி.ஆர். கருவிகளையும் நிறுத்தியது 2016-ல். மினி டி.வி. காஸெட்டை ஓட்டப் பழைய காமிராவே வேண்டும். அதன் ரப்பர் உருளைகள் இறுகிப்போகுமுன், யாருடைய வீட்டிலாவது ஓடும் நிலையில் ஒன்று இருக்கிறதா என்று உறவினரை விசாரித்துப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.