மான் நடக்கும் நேரம்

தாமோதர நதி ஹூக்ளியில் கலக்கும் இடத்தில், ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த கர்சுமுக் என்னும் சிற்றூரில் ஒரு மான் பூங்கா இருக்கிறது. விடுமுறை நாட்களில் நம்மவர் பலர் குழந்தைகளுடன் அங்குச் சென்று வருவதுண்டு. காலை பதினொரு மணிக்குச் சென்றவர்கள், மான்கள் படுத்தே கிடந்தன என்று குறைப்பட்டுக்கொள்வர். பொழுது சாயும்வரை காத்திருந்தவர்களோ மந்தை முழுவதும் எழுந்து மேய்வதைக் கண்டு மகிழ்வர். மான் எப்பொழுது, எங்கே நடமாடும் என்று முன்கூட்டிச் சொல்லும் கலைக்கு இவ்வேறுபாடே முதற்பாடம்.

மான் அசைபோடும் விலங்கு. புல்வெளியில் அது நிதானமாக உண்பதில்லை. விரைந்து மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, மறைவான நிழலில் படுத்து, உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுகிறது. ஆகவே வைகறையும் அந்தியும் அதன் மேய்ச்சற் பொழுதுகள். உச்சிவேளை அசைபோடும் பொழுது. இதனை அறிந்த பழைய வேடன் நண்பகலில் காட்டில் அலைந்து காலை வருத்திக்கொண்டதில்லை. மானுக்குக் கண்ணினும் மூக்கு நுட்பமானது என்பதும் அவனுக்குத் தெரியும். எனவே காற்று எத்திசையினின்று வீசுகிறதென்று முதலில் நோக்கி, தன் வாடை மானிடம் செல்லாத பக்கத்திலேயே அமர்வான். மலைச்சரிவில் பகல் வெயிலால் சூடேறிய காற்று மேலேறும். இரவில் குளிர்ந்து கீழிறங்கும். இந்த மாற்றத்தை அறியாதவன் எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை.

நம் வங்கத்திலேயே இதற்கு இனிய சான்று சுந்தரவனம். அங்கே கேவ்ரா மரத்தின் மேல் குரங்குகள் ஏறித் தழை தின்னும்போது கீழே சிந்துவன ஏராளம். அவற்றைத் தின்னப் புள்ளிமான்கள் மரத்தடியில் வந்து கூடும். குரங்கு எந்த மரத்தில் இருக்கிறதென்று கண்டால் மான் எங்கே வரும் என்று சொல்லிவிடலாம். இந்த நட்பில் வேறொரு நன்மையும் உண்டு. மரவுச்சியிலுள்ள குரங்கு புலியை முதலில் கண்டு கூவும், கீழே நிற்கும் மான் அக்குரல் கேட்டு ஓடும். உப்பங்கழிகளே நிறைந்த அத்தீவுகளில் வனத்துறையினர் வெட்டியுள்ள நன்னீர்க் குளங்களுக்கும் மான் வந்தே தீரவேண்டும். புலியும் இதை நன்கறியும்.

அமெரிக்க நாட்டில் இக்கலை இன்றும் வேட்டையையொட்டியே வளர்கிறது. அங்குள்ள வெண்வால் மானை உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் வேட்டையாட அரசு இசைவளிக்கிறது. குளிர் மிகுந்த வட மாநிலங்களில் பகற்பொழுது குறுகக் குறுக, பிணைமான்கள் நவம்பர் மாதத்தில் இணைசேரும் நிலையை அடைகின்றன. அப்போது கலைமான்கள் அச்சம் மறந்து, பட்டப்பகலிலும் பிணையைத் தேடி அலைகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே வாரங்களில் இது நிகழ்வதால் வேட்டைக்காரர் அந்நாட்களுக்கென்றே விடுமுறை எடுத்து வைக்கின்றனர். சந்திரனின் நிலையைக் கொண்டு மான் நடமாட்டத்தைக் கணிக்கும் அட்டவணைகளும் அங்கே விற்பனையாகின்றன. ஆனால் மான்களின் கழுத்தில் கருவி பூட்டி, செயற்கைக்கோள் வழியே அவற்றின் நடையைக் குறித்துப் பார்த்த ஆய்வாளர்கள், வளர்பிறை தேய்பிறையால் பெரிய வேறுபாடு ஒன்றும் காணவில்லை. வேட்டை தொடங்கிய சில நாட்களில் வேடர் அமரும் இடங்களை மான்களே அறிந்துகொண்டு பகலில் விலகி நடப்பதையே கண்டனர். முன்கூட்டிக் கணிப்பது மனிதன் மட்டும் அல்லன்.

அந்த நவம்பர்க் கணக்கு நம் புள்ளிமானுக்குப் பொருந்தாது. வெப்ப நாடுகளில் பகலின் நீளம் அவ்வளவு மாறுவதில்லை. ஆதலால் இணைசேரும் பருவம் சில மாதங்களில் மிகுந்தும் சில மாதங்களில் குறைந்தும் ஆண்டு முழுவதும் பரவி நிற்கிறது. முதுமலையில் ஒரே மந்தையில் முற்றிய கொம்புடைய கலையும், தோல் போர்த்த இளங்கொம்புக் கலையும், கொம்பு உதிர்த்த கலையும் ஒருங்கே நிற்பதைக் காணலாம். (கலை, பிணை, மறி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் தனித்தனிச் சொல் நம் மொழியில் இருக்க, ஆங்கிலக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாம் 'ஆண் மான்', 'பெண் மான்' என்றே எழுதிச் செல்கிறோம், அது வேறு கதை.)

ஆகவே நம் நாட்டில் மானின் போக்கைக் கணிக்க வேண்டுவோர் பார்க்க வேண்டியது நீரையும் தீனியையுமே. மழைக்காலத்தில் எங்கும் நீர், எங்கும் புல். மந்தை எங்குள்ளதென்று சொல்வது அரிது. கோடையில் நிலைமை தலைகீழாகிறது. மேற்கு வங்கத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் பங்குனியில் சால மரங்கள் இலையுதிர்க்கின்றன. சருகுக்குத் தீ வைப்பதும் உண்டு. புதர் எரிந்து மறைவிடம் குறைகிறது. எரிந்த நிலத்தில் தளிர்க்கும் இளம்புல்லும், இலுப்பை இனத்து மஹுவா மரம் உதிர்க்கும் பூவும், வற்றாத சில சுனைகளுமே விலங்குகளை ஈர்க்கும் இடங்கள். ஆண்டில் எப்பொழுது விலங்கின் வழி மிக எளிதாகத் தெரிகிறதோ, அப்பொழுதே இப்பகுதியின் மரபு வேட்டை நாட்களும் வருகின்றன. இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

புருலியாவின் அயோத்தியா மலையில் புத்த பூர்ணிமையன்று சந்தாலர்கள் கூடும் வேட்டை புகழ்பெற்றது. 'சேந்த்ரா' என்பது அவர்கள் மொழியில் வேட்டைக்குப் பெயர். அதனை வெறும் கொலைக்கூட்டம் என்று எண்ணுதல் தவறு. திஹ்ரி என்னும் வேட்டைப் பூசாரியின் தலைமையில், ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்குகளையும் அங்கே தீர்ப்பது அவர்தம் நெடுநாள் வழக்கம். ஆனால் காடு சுருங்கிவிட்டது, மான் அருகிவிட்டது. இப்போது வேலுக்கும் அம்புக்கும் இரையாவன பெரும்பாலும் காட்டுப்பன்றியும் முயலும் உடும்பும் பறவைகளுமே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பல மரபுரிமைகளை அளித்தபோதும் வேட்டையுரிமையை வெளிப்படையாக விலக்கியது. இச்சடங்குகளின் பெயரால் விலங்குகள் கொல்லப்படுவதைத் தடுக்குமாறு கல்கத்தா உயர்நீதிமன்றமும் 2019-இல் அரசுக்கு ஆணையிட்டது. சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல் நாம் எண்ணுவதினும் விரிந்தது. கொல்லுதல் மட்டுமன்று, பிடித்தல், துரத்துதல், கண்ணி வைத்தல், இரை காட்டி ஈர்த்தல், இவற்றுக்கு முயலுதலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே.

கணிப்பதில் யார் வல்லவர் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு ஒரு துயரச் சான்று தந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் லால்கட் காட்டில் வனத்துறையின் தானியங்கிக் காமிராவில் ஒரு புலியின் படம் பதிவாயிற்று. கூண்டு வைத்துப் பல வாரம் முயன்றும் அதன் வழியை வனத்துறையினரால் பிடிக்க இயலவில்லை. ஏப்ரல் 13-ஆம் நாள், வேட்டை நாட்கள் நடந்துகொண்டிருக்கையில், அப்புலி குத்துண்டு இறந்து கிடந்தது.

நம் ஹவுரா மாவட்டத்தில் காட்டு மான் இல்லை. எனினும் வேட்டை இங்கும் வருகிறது. நம் வைகாசி மாதத்தை ஒத்த வங்காள ஜேட மாதத்தில் வரும் அமாவாசை, பலஹாரிணி காளிபூஜை நாள். அந்நாளையொட்டி ஹவுரா, மேதினிபூர்ப் பக்கத்து நாணற் சதுப்புகளில் வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து வேட்டையாடும் வழக்கம் உண்டு. அச்சதுப்புகளில் வாழ்வது பாக்ரோல் என்று வங்காளிகள் அழைக்கும் மீன்பிடிப் பூனை. 2012 முதல் இம்மாநிலத்தின் அரசு விலங்கு. இரவில் குளக்கரையில் மீனுக்காகக் காத்திருக்கும் அதன் வழக்கம் அறிந்தோர்க்கு அதனைக் கண்டுபிடித்தல் அரிதன்று.

சந்திரன் மானை நடத்துவதில்லை என்று மேலே கண்டோம். வேடரை நடத்துவது சந்திரனே. அதனால்தான் இப்போது காவலர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்னரே ரயில் நிலையங்களிலும் காட்டுப் பாதைகளிலும் நிற்கத் தொடங்கியுள்ளனர். நம்மில் பலர் ஊருக்குப் புறப்படுவது அந்தக் கோடை விடுமுறையில்தான்; செல்லும் பாதையும் உலுபேரியா, பாக்னான் வழியே ரூப்நாராயண் நதியைக் கடந்து கரக்பூர் செல்லும் அதே பாதைதான். அந்நாட்களில் வலையும் வேலும் ஏந்திய கூட்டத்தை வண்டியிலோ மேடையிலோ கண்டால் அவர்களோடு வாதாட வேண்டுவதில்லை. ரயில்வே காவலரிடமோ 139 என்னும் தொலைபேசி எண்ணிலோ நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் சொன்னால் போதும்.