மாட்டு வாகட ஏடுகளைக் காப்போம்

இடம்பெயர்ந்த நாளில் வீட்டிலிருந்து எதை எடுத்து வந்தோம்? காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கொஞ்ச நகை. மாட்டை அவிழ்த்து விட்டு வந்தோம். வளையில் செருகியிருந்த ஏட்டுக் கட்டை நினைத்தவர்கள் மிகச் சிலரே.

அத்தகைய கட்டுகளில் மாட்டு வாகடமும் ஒன்று. மாட்டின் சுழி, நோயின் குறி, மருந்துச் சரக்கு, சூடு போடும் இடம் ஆகியவற்றைப் பாட்டாகச் சொல்லும் நூல் அது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சாவூர் சரசுவதி மகாலிலும் இவ்வகைச் சுவடிகள் பேணப்படுகின்றன. எமது பக்கத்திலோ, 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இனித் தேடவேண்டிய இடம் பரியாரிமாரின் வீடுகளே. மனித வைத்திய நூலாகிய பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1928 தொடக்கம் பகுதி பகுதியாக அச்சேற்றியதால் அது தப்பியது.

வாகடத்தில் உள்ளதெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை. சூடு போடுதல் வாயில்லாச் சீவனுக்கு வேதனையே. கால்வாய் நோய்க்குத் தடுப்பூசியை விட்டு ஏட்டைத் தேடக் கூடாது.

அப்படியானால் பழைய பதிவு எதற்கு? 1987 ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு மே மாத இராணுவ நடவடிக்கையால் வடமராட்சி மக்கள் ஊரை விட்டு ஓடினர். அதே ஆண்டில், 1946 க்குப் பின் இலங்கையில் காணப்படாத வெக்கை நோய் வடக்கு கிழக்கில் மீண்டும் தோன்றியது. இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்ததெனக் கால்நடை மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. நாற்பது ஆண்டுகள் கண்ணிற் படாத நோயை இளங் கமக்காரர் எவ்வாறு அறிவர்? கண்ணீர் வடிதல், வாய்ப்புண், நாற்றத்தோடு கழிச்சல் என்ற குறிகளை முதியவர் சொல்லவேண்டும். இல்லையேல் எழுத்துச் சொல்லவேண்டும். 2011 இல் இந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் நோய்ப் பதிவுகளைக் காட்டவேண்டியிருந்தது. ஆகவே, தடுப்பூசி அட்டையையும் எறிந்துவிடாதீர்கள்.

ஏடு கிடைத்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம், வெடிக்கும். ஒட்டிய ஓலைகளை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் இட்டால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கைத்தொலைபேசியால் ஓலையின் இரு பக்கங்களையும் வரிசை தவறாமல் படமெடுங்கள். 2005 முதல் இயங்கும் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவாக்கி வருகிறது; ஏட்டைக் கைவிடாமலே படத்தைக் கொடுக்கலாம்.

வாசிப்பதை அறிந்தவரிடம் விடுங்கள். பழைய ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகாரம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மூலிகைப் பெயரைப் பிழையாக வாசித்தால் மாடு போய்விடும்.

ஏடு இல்லாத வீட்டில் முதியவர் இருப்பார். அவர் சொல்லும் நோய்ப் பெயரை அவர் சொன்னபடியே கொப்பியில் எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் குறியுங்கள். அவர் காட்டும் செடியில் ஒரு கிளையை முறித்து அதே பக்கத்தில் அழுத்தி வையுங்கள். ஒரு செடிக்கு பருத்தித்துறையில் ஒரு பெயர், வன்னியில் வேறொரு பெயர்.