பூச்சிமருந்து விஷமும் அதற்குரிய சிகிச்சையும்

பயிர்களுக்குத் தெளிக்கும் குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் முதலிய மருந்துகள் ஆர்கனோ பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. இவை வாய்வழியாக மட்டுமன்றித் தோல்வழியாகவும் தேகத்திற் சேரும். நரம்பின் ஏவலைத் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் எட்டச்செய்வது அசிடைல்கோலின் என்னும் பொருள். அதனை அவ்வப்போது சிதைக்கும் நொதியை இவ்விஷம் முடக்கிவிடுகிறது. அதனால் வேர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், தசைகள் துடிக்கும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சுத் திணறும். உயிருக்கு அபாயம் பெரும்பாலும் இம்மூச்சுத் தடையாலேயே நேர்கிறது.

இக்குறிகள் தோன்றியவுடன் 108 ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். அது வருமுன் நோயாளியைக் காற்றோட்டமான இடத்திற் சேர்த்து, உடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு தேகத்தைக் கழுவ வேண்டும். உதவுவோர் தம் கைகளில் விஷம் படாமற் காத்துக்கொள்க. மருந்தைக் குடித்தவருக்கு உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறாகும். மருந்திற் கலந்துள்ள எண்ணெய் போன்ற திரவம் நுரையீரலிற் புகுந்து கேடு விளைவிக்கும். மயங்கியவரை ஒருக்களித்துக் கிடத்துதல் வேண்டும். மருந்துப் புட்டியை மேற்சீட்டுடன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுதல் அவசியம்.

வைத்தியர் அட்ரோபினை 1 முதல் 3 மில்லிகிராம் வரை இரத்தக்குழாயிற் செலுத்தி, குணம் காணாவிடில் 5 நிமிஷத்திற்கொருமுறை அளவை இரட்டித்து, மார்பு தெளியும்வரை தொடர்வார். வேண்டுமாயின் இயந்திரத்தால் மூச்சளிப்பார்.

நோயாளி தெளிந்து பேசினும், 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசைகள் தளர்ந்து மூச்சு மீண்டும் தடைபடலாம். ஆகையால், குணமாயிற்றென்று கருதி, வைத்தியர் உத்தரவின்றி அவரை வீட்டுக்கு அழைத்துவருதல் கூடாது.