மாற்றியமைத்த ஜீப்பை விற்கப் போறீங்களா?

நாகர்கோவில் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75 நம்பர்களில் ஓடும் டீசல் தார், ஸ்கார்பியோக்களில் பெரிய டயர், முன்பக்க இரும்புக் கம்பி என்று ஆசையாகக் காசைக் கொட்டியவர்கள் உண்டு. விற்கும்போது அந்தக் காசு அப்படியே திரும்புவதில்லை. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பிக்கு 2017-லேயே தடை.

பழைய டயரும் பம்பரும் வீட்டில் கிடந்தால் அதிர்ஷ்டம். திரும்ப மாட்டிவிட்டு, அலாய் வீலைத் தனியாக விற்கலாம். கம்பி? பழைய இரும்புக்கடைதான்!

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் வண்டி என்றால் என்.ஓ.சி. வேண்டும். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு பழைய உரிமையாளர் தலையில்தான் விழும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றியிருந்தாலும்கூட.