முள் போயிடுச்சு... ஆனா தொண்டை இன்னும் குத்துதா?

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. தொண்டையில் சிக்கிய முள் ஒருவழியாக இறங்கிவிட்டது. ஆனாலும் எச்சில் விழுங்கும்போதெல்லாம் 'சுருக்'குனு குத்துதா? பதறாதீங்க. முள் உரசிப்போன இடத்தில் ஏற்பட்ட சிராய்ப்பும் அதே உணர்வைத்தான் தரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

அதுவரை இட்லி, குழைந்த தயிர்சாதம், ஆறின கஞ்சி போதும். முறுக்கு, சிப்ஸ், காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்க காபி எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். சிகரெட்டும் மதுவும் புண்ணை எரிச்சலாக்கும்; தள்ளி வையுங்க.

'வெறும் சோத்தை உருட்டி முழுங்கு, சரியாயிடும்'னு வீட்டில் சொல்வாங்க. செய்யாதீங்க. முள் நிஜமாகவே அங்கே இருந்தால், இன்னும் ஆழமாக இறங்கிவிடலாம். விரலை விட்டுத் துழாவுவதும் தப்பு.

சரி, சிராய்ப்பா, முள்ளா... எப்படித் தெரிஞ்சுக்கறது? சிராய்ப்பு வலி நேரம் போகப் போகக் குறையும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தாலோ, 24 மணி நேரம் ஆகியும் குறையாவிட்டாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. சில மீன் முட்கள் எக்ஸ்-ரேயில் தெரியாது. அதனால் 'எக்ஸ்-ரே நார்மல்' என்பதோடு விட்டுவிடாதீங்க. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் பார்த்து, முள் இருந்தால் எடுத்துவிடுவார்கள்.

காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சுவலி, ரத்தம், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை, மூச்சுத்திணறல்... இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க!